16 சுகாதார நிலையங்களுக்கு எந்த மென்பொருள்?

களக்காட்டு மருத்துவர்:
நெல்லை மாவட்டத்தில் 16 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்த ஆய்வு ஒன்றைத் திட்டமிடுகிறோம். எட்டு நிலையங்களில் செவிலியர் மாதந்தோறும் வீடு தேடிப் போவார். மற்ற எட்டில் வழக்கமான சிகிச்சை. நோயாளிகளைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரிக்க முடியாது. முக்கூடலில் மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்களில் ஒருவரிடம் உப்பைக் குறைக்கச் சொன்னால், மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே நிலையங்களையே குலுக்குகிறோம். நிலையத்துக்கு 50 பேர். புள்ளியியல் கணக்குக்குக் காசு கொடுத்து ஸ்டேட்டா மென்பொருள் வாங்குவதா, இலவச 'ஆர்' போதுமா?

பாளை பேராசிரியர்:
ஸ்டேட்டா வாங்குங்கள், டாக்டர். ரத்த அழுத்தம் போன்ற அளவுகளை நிலையவாரியாக ஆராய 'ஆர்' மென்பொருளில் உள்ள எல்எம்இ4 தொகுப்பு, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க உதவும் பி மதிப்பைத் தன் சுருக்க அட்டவணையில் தராது. அதற்கு எல்எம்இஆர்டெஸ்ட், நிலையங்கள் குறைவாக இருக்கும்போது தேவைப்படும் கென்வார்ட்-ரோஜர் திருத்தத்துக்கு பிபிகேஆர்டெஸ்ட். ஒரு விடைக்கு மூன்று தொகுப்புகள். களத்தில் அலைகிறவருக்கு இந்த அலைச்சலும் வேண்டுமா?

தாமிரபரணிக்காரன்:
இதை ஏற்க முடியவில்லை, ஐயா. ஸ்டேட்டாவிலும் இதே ஆய்வைச் செய்யும் 'மிக்ஸ்டு' கட்டளையை அப்படியே ஓட்டினால் அது இயல்நிலைப் பரவலைத்தான் எடுத்துக்கொள்ளும்; பலன் உண்மை என்று ஏற்கத் தாண்ட வேண்டிய எல்லை 1.96. இரு பிரிவுகளில் 16 நிலையங்கள் என்றால் சிறிய எண்ணிக்கைக்கான டி பரவலில் 16 − 2 = 14 கட்டின்மைப் பாகைக்கு (degrees of freedom) பார்க்க வேண்டும்; எல்லை 2.145. இல்லாத பலனை இருப்பதாகக் காட்ட இந்த இடைவெளி போதும். கென்வார்ட்-ரோஜர் வேண்டுமென்று நாம் கேட்டால்தான் அங்கேயும் வரும். காசு கொடுத்து வாங்கியது என்பதற்காக மென்பொருள் நம் தவற்றைத் தடுக்காது.

பாளை பேராசிரியர்:
கேட்டால் ஒரே கட்டளையில் வருகிறதே, தம்பி. இன்னொன்று: ஸ்டேட்டாவில் தொடக்கத்திலேயே பதிப்பு எண்ணைக் குறித்துவிட்டால் பழைய நிரல் பல ஆண்டுகள் கழித்தும் பழையபடியே ஓடும். 'ஆர்' தொகுப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

தாமிரபரணிக்காரன்:
தொகுப்புகளின் பதிப்பைப் பூட்டி வைக்க 'ஆர்' மென்பொருளிலும் ரென்வ் இருக்கிறது. உரிமத் தொகைக்கு நாங்குநேரிப் பக்கம் இன்னும் இரண்டு ரத்த அழுத்தக் கருவிகள் வாங்கலாம். ஆனால் டாக்டரின் திட்டத்தில் எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரே நிலையத்துக்கு வருகிறவர்கள் ஒரே மருத்துவர், ஒரே மருந்து இருப்பு, ஒரே ஊர்ப் பழக்கம் என ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையை அளக்கும் ஐசிசி 0.05 என்று வைத்துக்கொண்டால், வடிவமைப்பு விளைவு, அதாவது இதனால் எத்தனை மடங்கு ஆட்கள் தேவை என்பது, 1 + 49 × 0.05 = 3.45. நீங்கள் சேர்க்கும் 800 பேர், தனித்தனியாகக் குலுக்கிய ஏறத்தாழ 232 பேருக்குத்தான் சமம்.

களக்காட்டு மருத்துவர்:
நிலையத்துக்கு 100 பேர் சேர்த்தால்?

தாமிரபரணிக்காரன்:
1600 பேர் ஆகும். பலன் 269 பேருக்குத்தான். அதே 1600 பேரை 32 நிலையங்களில் பரப்பினால் 464. ஆளைக் கூட்டாதீர்கள், நிலையத்தைக் கூட்டுங்கள்.

பாளை பேராசிரியர்:
இந்தக் கணக்கில் மறுப்பில்லை. ஆனால் 0.05 என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? 0.01 என்று வைத்தால் அதே 800 பேர் 537 பேருக்குச் சமமாகிவிடுகிறார்கள். வேறு நாட்டு ஐசிசியைக் கொண்டுவந்து மானூருக்குப் பொருத்துவது எனக்கு உவப்பில்லை. டாக்டர், உங்கள் நிலையங்களின் பதிவேட்டில் ரத்த அழுத்த அளவுகள் இருக்குமே, அவற்றிலிருந்து முதலில் மதிப்பிடுங்கள். 16 நிலையங்களில் வரும் மதிப்பும் உறுதியாக இருக்காது; ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே வைத்துத் திட்டமிடுங்கள்.

களக்காட்டு மருத்துவர்:
பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் செவிலியர்கள் பெரும்பாலும் 120, 130, 140 என்று பத்தின் மடங்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தாமிரபரணிக்காரன்:
அப்படியானால் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். நான்கைந்து நிலையங்களில் தானியங்கிக் கருவியால் அளந்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிரலை நான் 'ஆர்' மென்பொருளில் எழுதித் தருகிறேன்.

பாளை பேராசிரியர்:
அதே தரவை நான் ஸ்டேட்டாவில் ஓட்டுகிறேன். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் குலுக்கலைத் தள்ளிவையுங்கள், டாக்டர். உரிமம் வாங்க வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.