விமானி ஜான் மகீ இறந்தது எப்படி?

கேள்வி: பறத்தலின் பரவசத்தை ‘ஹை ஃப்ளைட்’ என்ற கவிதையாக்கிய ஜான் கில்லெஸ்பி மகீ, 1941 டிசம்பர் 11 அன்று போரில் சுட்டு வீழ்த்தப்பட்டாரா, விபத்தில் இறந்தாரா?

மறுமொழி 1: விபத்துதான். கனடிய விமானப்படையின் 412ஆவது படையணியைச் சேர்ந்த அவர், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் மேகத்தினூடே கீழிறங்கியபோது, ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானம் ஒன்றுடன் மோதினார். மேல்மூடியைத் தள்ளித் திறந்து வெளியே குதித்தும், பாராசூட் விரிய உயரம் போதவில்லை. அப்போது அவருக்கு வயது 19.

மறுமொழி 2: பயிற்சி விமானத்தை ஓட்டிய இளைஞரும் அன்றே உயிரிழந்தார். மகீயைப் போற்றும்போது அவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 3: அக்கவிதையை மகீ ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினார். அதன் முதல் வரியும் கடைசி வரியும் லிங்கன்ஷயரின் ஸ்காப்விக் கிராமத்தில் உள்ள அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. 1986இல் சாலஞ்சர் விண்கலம் சிதறியபோது, அமெரிக்க அதிபர் ரீகன் தம் இரங்கல் உரையை அவ்வரிகளிலிருந்து எடுத்த சொற்களாலேயே முடித்தார்.