வண்டி பள்ளி வளாகத்தில், அபராதம் பெருநகரத்தில்: இந்த இ-சலானை எப்படி மறுப்பது?

கேள்வி (தஞ்சை ஆசிரியையின் கணவர்)

என் மனைவியின் பெயரில் 2021இல் வாங்கிய சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று உள்ளது. தஞ்சாவூர் மாவட்ட எல்லையை அந்த வண்டி இதுவரை தாண்டியதில்லை. சென்ற வாரம் அவருடைய கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில், ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு பெருநகரச் சாலையில் தலைக்கவசம் இல்லாமல் அந்த வண்டியை ஓட்டியதற்காக 1,000 ரூபாய் அபராதம் விதித்து இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) போடப்பட்டிருப்பதாக இருந்தது. குற்றம் நடந்ததாகக் குறிப்பிடப்பட்டுள்ள நேரம், அந்தச் செய்தி வருவதற்கு 23 நாட்களுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை, முற்பகல் 11.10. அப்போது என் மனைவி எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வண்டி பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

அருகிலுள்ள காவல் நிலையத்தில் விசாரித்தபோது, “ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போங்கள்” என்றார்கள். தெரு முனைக் கடைக்குப் போவதானாலும் தலைக்கவசம் இல்லாமல் வண்டியை எடுக்காதவர் என் மனைவி. செய்யாத தவறை ஒப்புக்கொண்டு பணம் கட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை, எனக்கும் இல்லை. முறைப்படி மறுக்க வழி இருக்கிறதா?

மறுமொழி (திருச்சி வாசகர்)

முதலில் அந்தக் குறுஞ்செய்தி உண்மையானதுதானா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவியவரின் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி பரவலாக நடக்கிறது. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே சென்று, வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) கடைசி இலக்கங்களையும் கொடுத்துத் தேடுங்கள். சலான் அங்கே இருந்தால் அதனுடன் உள்ள ஒளிப்படத்தைத் தரவிறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் வழக்குக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

சலான் உண்மையானதுதான். படத்தைப் பார்த்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் வண்டி கறுப்பு நிறம். எங்கள் வண்டியில் இல்லாத இரும்புத் தடுப்புக் கம்பி அதைச் சுற்றிப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் ஓர் இளைஞர். எண் பலகை சாதாரணமாக வண்ணத்தில் எழுதப்பட்டது போல் தெரிகிறது.

மறுமொழி (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை)

தம்பி, கோபம் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு நாள் விடுப்பு, பேருந்துக் கட்டணம், வக்கீல் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்காக நீதிமன்றப் படி ஏறுவதைவிடக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதே மேல் என்று நான் நினைக்கிறேன்.

மறுமொழி (வழக்கறிஞர், கும்பகோணம்)

மதுரை ஐயா அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் இந்த விஷயத்தில் அந்த அறிவுரையை ஏற்க வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். கணினி ஓர் எழுத்தைத் தவறாக வாசித்திருந்தால் அதை வெறும் பிழை என்று விடலாம். இங்கே உங்கள் எண்ணைத் திருடிப் பொருத்திய ஒரு வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று தலைக்கவச அபராதம். நாளை அதே வண்டி யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போனால், காவலர்கள் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான். இப்போது பணம் கட்டினால், அந்த வண்டி தங்களுடையதுதான் என்று நீங்களே எழுதிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

சட்டத்தையும் பாருங்கள். தலைக்கவசம் அணியாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் அபராதத்தோடு, 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே இது வெறும் ஆயிரம் ரூபாய் விவகாரம் அன்று. கண்காணிப்புக் கருவி வழியாகப் பதிவான குற்றம் என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி பொருந்தும். குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம் வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று அந்த விதி கூறியது. உங்களுக்கு 23 நாள் ஆகியிருப்பதைக் குறிப்பிடலாம், ஆனால் மனுவின் முதுகெலும்பாக அதை வைக்காதீர்கள். தாமதத்தைப் பற்றி வாதாடுபவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு நழுவப் பார்க்கிறார் என்ற எண்ணம் எழக்கூடும். “இது எங்கள் வண்டியே அன்று” என்ற ஒரே வரிதான் முன்னால் நிற்க வேண்டும்.

அதற்கு உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகள் உயர் பாதுகாப்பு எண் பலகையோடுதான் விற்பனைக்கு வந்தன. எனவே 2021இல் வாங்கிய உங்கள் வண்டியில் ஹாலோகிராமும், நீல நிறத்தில் ஐ.என்.டி. என்ற எழுத்துகளும், லேசரால் பொறித்த தனி எண்ணும் இருக்கும். படத்தில் உள்ள பலகையில் அவை இல்லை என்பதை வட்டமிட்டுக் காட்டுங்கள். உங்கள் வண்டியை நான்கு பக்கமும் படமெடுத்து, ஆர்.சி.யின் (வண்டியின் பதிவுச் சான்று) நகலையும் (அதில் நிறம் குறிப்பிடப்பட்டிருக்கும்), அன்றைய வருகைப் பதிவேட்டின் நகலில் தலைமையாசிரியர் கையொப்பமும் பெற்று இணைத்துவிடுங்கள்.

இவற்றை இ-சலான் தளத்தின் புகார்ப் பிரிவில் பதிவேற்றி, அதே மனுவை சலான் போட்ட காவல் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். சலான் இதற்குள் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழி நீதிமன்றம்) போயிருந்தால், அந்தத் தளத்தில் பணம் கட்டுவதற்குப் பதிலாக வழக்கை எதிர்கொள்ளும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். எதுவும் செய்யாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஓட்டியவர் யார் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லும் கடமை 133ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு உண்டு.

மறுமொழி (திருச்சி வாசகர்)

வழக்கறிஞர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எண் திருட்டைப் பற்றி உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் தனியாக ஓர் எழுத்துப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுப் பதிந்ததற்கான ஒப்புகை) வாங்காமல் திரும்பாதீர்கள். என் அண்ணன் இதே நிலையில் இருந்தபோது, வாய்மொழியாகச் சொன்ன இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை; ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் பதில் வந்தது.

கேள்வி கேட்டவர் (26 நாட்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. புகாரோடு ஏழு படங்களை இணைத்திருந்தோம். நேற்று முன்தினம் சலான் நீக்கப்பட்டதாகத் தளத்தில் காட்டியது. காவல் நிலையத்தில் முதலில் தயங்கினாலும், கறுப்பு வண்டியின் படத்தை வாசலில் நின்ற எங்கள் வண்டியோடு ஒப்பிட்டுக் காட்டியதும் உதவி ஆய்வாளர் உடனே சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்தார். அந்த இளைஞரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ரசீதின் நகல் ஒன்றை என் மனைவி இப்போது வண்டி இருக்கைக்கு அடியில், ஆர்.சி.யோடு சேர்த்து வைத்திருக்கிறார்.