கோச் ஜான் கிரகரி காலத்து ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து கிளப்: இன்னும் மனசை விட்டுப் போகாத மேட்ச் எது?

நீலச்சட்டை:
2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூரு எஃப்சியோடு ஐஎஸ்எல் ஃபைனல். ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு டிக்கெட் கிடைத்தது பெங்களூரு ஆட்கள் நடுவில். இரண்டு கிளப்புக்கும் நீலம் என்பதால் என் சட்டையை யாரும் கண்டுகொள்ளவில்லை. 9ஆவது நிமிடம் பெங்களூருவின் சேத்ரி பாய்ந்து தலையால் அடித்ததும் பக்கத்து ஆள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நானும் பேசாமல் குதித்தேன்! கொஞ்ச நேரத்தில் நம்ம நெல்சன் கார்னர், மைல்சன் தலை, கோல். (இது பிளேயர் கிரகரி நெல்சன், கோச் இல்லை.) வந்த சத்தத்தை விழுங்கிவிட்டுக் கைக்குட்டையை முறுக்கினேன். 45இல் மறுபடி அதே கார்னர், அதே தலை. அப்போதும் வாய் திறக்கவில்லை. அகஸ்டோ மூன்றாவது போட்டபோது என்னை அறியாமல் எழுந்து கத்திவிட்டேன். அந்த ஆள் என் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார். கப் ஜெயித்த சந்தோஷத்துக்கு நடுவிலும் அவரிடம் ஒரு சாரி சொல்லாமல் வந்தது உறுத்துகிறது.

வியாசை:
ஃபைனலுக்கு நான் போகவில்லை. அதற்கு நாலு நாள் முன்னாடி நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 அடித்தோமே, அங்கே இருந்தேன். ஜேஜே இரண்டு, எங்கள் ஏரியா தனபால் கணேஷ் ஒன்று. தொண்டை கட்டிப்போச்சு.
எனக்கு உறுத்துவது அடுத்த சீசன். 18 மேட்ச், 2 வெற்றி, 9 பாயின்ட், கடைசி இடம். ஒருநாள் பாதி காலியான கேலரியில் எழுந்து நின்று, கிரகரியைப் பார்த்து, "ஊருக்குக் கிளம்புய்யா கிழவா" என்று கத்தினேன். நடுவில் ஓட்டப் பாதை, அவருக்குத் தமிழும் தெரியாது. ஆனால் பக்கத்தில் என் பையன் இருந்தான். "போன வருஷம் இவருக்குத்தானேப்பா கை தட்டினே?" என்றான்.

கணக்குப்பிள்ளை:
வியாசை சார், நீங்கள் கத்தினதில் தப்பே இல்லை. அதற்கடுத்த சீசனில் முதல் நாலு மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. கிரகரி போனதும் ஓவன் காயில் கோச்சாக வந்து அதே பசங்களை வைத்து ஃபைனல் வரை போனார். 2018 கப்பே கார்னர் புண்ணியம்.

பழைய பர்மிங்காம்:
கார்னர் என்ன வானத்திலிருந்தா விழுகிறது? பழக்கினால்தான் வரும். கிரகரி பர்மிங்காமின் ஆஸ்டன் வில்லா கிளப்பில் ஆடியபோது 2 முதல் 11 வரை எல்லா நம்பர் சட்டையும் போட்டவர். இங்கிலாந்துக்கு 6 மேட்ச் ஆடிய மிட்ஃபீல்டர். அவருக்கா ஆட்டம் தெரியாது?
1998 டிசம்பர், நான் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். வில்லா பார்க்கில் ஆர்சனல் மேட்ச். கிரகரிதான் வில்லா மேனேஜர், அந்த சீசனில் டேபிளில் முதலிடம் பிடித்திருந்த டீம். இடைவேளையில் 0-2. சாண்டா வேஷத்தில் பாராசூட்டில் ஒருவர் இறங்கினார். கூரையில் மோதிக் கீழே விழுந்தார். சிவப்பு உடை மடங்கிக் கிடந்தது. முதலில் வேடிக்கை என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் பாதியில் வில்லா மூன்று போட்டு 3-2 ஜெயித்தது. அந்த கோல்களில் ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை. அந்த மனிதருக்கு ஒரு கால் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தது. சீசன் முடிவில் வில்லா ஆறாவது.

மெட்ரோ மட்டும்:
நான் போன மேட்ச்சில் நாம் தோற்றோம், அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். நேரு ஸ்டேடியம் இருக்கிற பெரியமேட்டுக்கு பைக்கில் போகாதீர்கள். தோல் கடைச் சந்துகளில் விட்டுவிட்டு வந்தால், முடிந்ததும் கூட்டத்தில் எடுக்க முக்கால் மணி நேரம். மெட்ரோவில் வந்து சென்ட்ரலில் இறங்கி நடந்து போங்கள். மேட்ச் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சாப்பாடு கொடுத்துக் கூட்டிப் போங்கள், உள்ளே விலை அதிகம். மழைக்காலம் என்றால் ரெயின்கோட், குடை வேண்டாம், வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

நீலச்சட்டை:
ஐந்து நிமிடம் முன்னாலா? அன்றைக்கு ஃபைனலில் பெங்களூருவின் மிக்கு ஒன்று போட்டு 3-2 ஆக்கியதே 92ஆவது நிமிடத்தில்தான் அண்ணே. மூச்சே நின்றுவிட்டது. பக்கத்து ஆள் மறுபடி குதித்தார், இந்தமுறை தனியாக.