வேப்பேரி வீடு: குடும்பக் குழு

பிரபு: லில்லி அத்தை இன்று காலை 4.10க்குத் தவறிவிட்டார். ஃப்ரீசர் பெட்டி சொல்லியாயிற்று. டேவிட் மச்சான் துபாயிலிருந்து ராத்திரிக்குள் வந்துவிடுவார். அடக்கம் எங்கே என்று மதியத்துக்குள் முடிவாக வேண்டும்.

எஸ்தர் அத்தை: அக்கா 😭😭

ஷீபா: 🙏

ஆரோக்கியசாமி மாமா: அண்ணிக்கு நேற்றே ஃபாதர் வந்து எண்ணெய் பூசி, நோயில் பூசுதல் என்கிற திருவருட்சாதனத்தைக் கொடுத்துவிட்டார். அந்த மட்டில் நிம்மதி.

ஞானம் பெரியப்பா: கீழ்ப்பாக்கம் கல்லறை முடியாது.

பிரபு: ஏன் பெரியப்பா? அப்பத்தா கல்லறை நம்முடையதுதானே? அம்மா பக்கத்தில்தான் என்னை வைக்கணும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஞானம் பெரியப்பா: போன வருஷம்தான் உன் பெரியம்மாவை வைத்தோம். இப்போது திறக்க விடமாட்டார்கள்.

பிரபு: புதுக் குழிக்கு அங்கே இடம் இல்லை. காசிமேடு கல்லறையில் கேட்கவா?

ஷீபா: அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்

டேவிட்: ஏர்போர்ட்டில் இருக்கிறேன். தகனம் செய்துவிட்டு பெசன்ட் நகரில் கரைத்துவிடலாமே. அம்மாவுக்கு அந்தக் கடல் பிடிக்கும்.

எஸ்தர் அத்தை: எரிக்கிறதா???

எஸ்தர் அத்தை: எக்காளம் தொனிக்கும்போது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருக்க வேண்டாமா?

ஜான்சன் சித்தப்பா: எஸ்தர், நிதானமாகக் கேள். கி.பி. 177இல் லியோன் நகரத்தில் சபையாரைக் கொன்றார்கள். உடல்களை ஆறு நாள் வெளியே போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி எப்படி எழுந்திருப்பார்கள், பார்த்துவிடலாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள். யூசேபியஸ் எழுதிய சபை வரலாற்றில் இருக்கிறது. அந்த இரத்தசாட்சிகளுக்கு உயிர்த்தெழுதல் இல்லை என்று எந்தச் சபையாவது சொன்னதா? சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று வெளிப்படுத்தல் 20இல் இருக்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 15இல் விதையைக் காட்டுகிறார்: நீ விதைப்பது ஒன்று, முளைத்து வருவது வேறொன்று. ஆண்டவரைக் கல்லறையில் வைத்தார்கள் என்பதால் ஆதிச் சபை அடக்கத்தை விரும்பியது. எரித்தால் தேவனால் எழுப்ப முடியாது என்று பயந்து அல்ல. அப்புறம் இன்னொன்று

ஷீபா: 'மேலும் வாசிக்க' வரைக்கும் வாசித்தேன் சித்தப்பா

ஆரோக்கியசாமி மாமா: எங்கள் கத்தோலிக்கத் தலைமை, ரோமாபுரி, 1963லேயே தகனத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் கடலில் கரைக்கக் கூடாது, வீட்டிலும் வைக்கக் கூடாது என்று 2016இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். கல்லறை மாதிரி மந்திரித்த (ஆசீர்வதித்த) இடத்தில்தான் வைக்க வேண்டும்.

டேவிட்: அப்போ கடல் இல்லையா சித்தப்பா

ஆரோக்கியசாமி மாமா: இல்லப்பா.

ஜான்சன் சித்தப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். சாம்பல் கலசம் என்றால் முழுக் குழி தோண்ட வேண்டாம். அம்மா கல்லறைத் தலைமாட்டில் ஒரு அடி போதும். கல்லறை ஆபீஸில் கேட்டுப் பார்க்கலாம்.

ஞானம் பெரியப்பா: என் வீட்டுக்காரி தலைமாட்டிலா?

ஜான்சன் சித்தப்பா: அண்ணா, அது அம்மா கல்லறை.

ஜான்சன் சித்தப்பா: பெரம்பூர் கத்தோலிக்கக் கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறாள் என்று அக்கா கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. இப்போது இதுவும்

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஷீபா: நான் பார்த்துவிட்டேன்

ஞானம் பெரியப்பா: நானும்தான்.

பிரபு: சரி சரி. மதியம் எத்தனை பேருக்குச் சாப்பாடு?

ஆரோக்கியசாமி மாமா: 30ஆம் நாள் பூசை லூர்து மாதா கோயிலில்தான். எல்லோரும் வர வேண்டும்.

எஸ்தர் அத்தை: மரித்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் எங்கே இருக்கிறது மச்சான்?

ஆரோக்கியசாமி மாமா: எங்கள் பைபிளில் 2 மக்கபேயர் 12.

எஸ்தர் அத்தை: எங்கள் பைபிளில் அது இல்லை

பிரபு: அங்கேதான் சண்டையே 😀

ஜான்சன் சித்தப்பா: இறந்தவர்கள் சுத்திகரிக்கப்படும் இடம் என்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தை நானும் ஏற்றுக்கொள்வதில்லை, ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 22ஆவது அதை மறுக்கிறது. ஆனால் ஞாயிறுதோறும் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று அறிக்கை செய்கிறோமே, அதில் உயிரோடு இருப்பவர்கள் மட்டுமா? இறந்ததால் அக்கா சபையைவிட்டு வெளியே போய்விடவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று நம் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். பேராயர் வேண்டுமா வேண்டாமா என்றே வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். நாம் ஒரு பூசைக்குப் போய் உட்கார முடியாதா?

எஸ்தர் அத்தை: உட்காருவேன். பூசையில் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க மாட்டேன்.

ஆரோக்கியசாமி மாமா: கொடுக்கவும் மாட்டார்கள்.

ஷீபா: 😂 மன்னிக்கணும், சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது

எஸ்தர் அத்தை: ஆண்டவருடைய வருகை சமீபம், விளையாட்டு இல்லை. சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

ஜான்சன் சித்தப்பா: சபை முதலில் ரகசியமாகப் போகும், உபத்திரவம் அப்புறம் என்ற வரிசை டார்பி என்ற போதகர் 1830களில் பரப்பியது. அதற்கு முன்னே

பிரபு: சித்தப்பா ப்ளீஸ். 1999 டிசம்பர் 31 ராத்திரி பீரோ சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஆராதனைக்குப் போன அத்தை இவர். டார்பி சொன்னால் கேட்கவா போகிறார்?

எஸ்தர் அத்தை: போடா. எங்கள் பாஸ்டர் ஒரு சின்ன ஜெபம் மட்டும் செய்வார்.

ஷீபா: அவருடைய சின்ன ஜெபம் 40 நிமிஷம்

டேவிட்: போர்டிங் கூப்பிடுகிறார்கள். சித்தப்பா, மாமா, நீங்கள் சொல்கிறபடியே. அம்மாவை அப்பத்தா… சாரி, அம்மாச்சி பக்கத்தில் வைத்தால் போதும்.

ஞானம் பெரியப்பா: தலைமாடு வேண்டாம். கால்மாட்டில் பார்க்கட்டும்.

பிரபு: சரி பெரியப்பா. கல்லறை ரசீது?

ஞானம் பெரியப்பா: உன் பெரியம்மாதான் வைத்திருந்தாள். தேட வேண்டும்.

ஆரோக்கியசாமி மாமா: பங்குத்தந்தை கூட்டத்தில் இருக்கிறாராம். 3 மணிக்கு மேல் கேட்டுச் சொல்கிறேன். அவர் வேறு மாதிரி சொன்னால் காசிமேடுதான்.

ஷீபா: இட்லி 150 சொல்லிவிட்டேன். சாம்பார் மட்டும்தானாம், சட்னி கிடையாது. பெரியப்பா வீட்டுக்கு யாராவது போய் ரசீது தேடுங்கள்.