டூப்ளெக்ஸர் கேவிட்டி: பாஸா, நாட்ச்சா?

கேள்வி (சேலம்): செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் நாலு கேவிட்டி (டூப்ளெக்ஸரில், அதாவது ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் பெறவும் விடும் சாதனத்தில், இருக்கும் வடிகட்டி உருளை) கிடைத்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடி உயரம், தலையில் இரண்டு என்-சாக்கெட் (கேபிள் செருகும் வாய்), நடுவில் திருகுக் கம்பி. லேபிள் அழிந்துவிட்டது. ஏற்காட்டில் 2 மீட்டர் அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் (சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் நிலையம்) வைக்க எண்ணம், அனுப்பும், பெறும் அதிர்வெண்களுக்கு நடுவே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இதுவே போதுமா, இல்லை ஆன்லைனில் விற்கும் தட்டைப் பெட்டி டூப்ளெக்ஸர் வாங்கலாமா?

பதில் 1: உயரம் சரிதான் நண்பரே. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 52 செ.மீ. நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுக் கருவியில் எஸ்21 (எந்த அதிர்வெண் எவ்வளவு கடந்து போகிறது என்ற வரைகோடு) பாருங்க. மேடு மட்டும் தெரிந்தால் பாஸ் (ஒரு அதிர்வெண்ணை மட்டும் விடுவது), பள்ளம் மட்டும் என்றால் நாட்ச் (ஒன்றை மட்டும் தடுப்பது), பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் இருந்தால் பாஸ்-நாட்ச். தட்டைப் பெட்டி வேண்டாம். 2 மீட்டர் அடங்கும் விஎச்எஃபில் அவை பெரும்பாலும் நாலைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கானவை, 600 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்காது. விற்பவர் சொல்ல மாட்டார்!

பதில் 2: வெறும் பாஸ் என்றால் நாலு போதாது, டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவே சுமார் 80 டெசிபல் பிரிப்பு வேண்டும், அதற்கு நாட்ச் அவசியம். ஆனால் நாட்ச் தடுப்பது உங்கள் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே. மலை மேல் பக்கத்துக் கோபுரங்களின் சிக்னலை அது கண்டுகொள்ளாது. ரிசீவர் முன்னால் ஒரு பாஸ் கட்டாயம். அப்புறம், இணைப்புக்கு ஆர்ஜி-58 கேபிள் போடாதீங்க, கசியும். இரட்டை ஷீல்டு ஆர்ஜி-214 போடுங்க.

கேட்டவர்: பார்த்தேன், நாலிலும் மேடு மட்டும்தான். ஒன்று ரிசீவருக்கு. நாட்ச் யாரிடமாவது இருக்கா?

பதில் 1: கடைக்காரரிடம் மறுபடி கேளுங்க. டி-கனெக்டர் ஒன்றே இருக்கும் கேவிட்டி பெரும்பாலும் நாட்ச்தான்.