எவ்வளவோ குறைச்சும் ஃபுட்பிரிண்ட் கால்குலேட்டர்ல எண் குறையவே மாட்டேங்குது, ஏன்?

நீலவானம்:
வணக்கம் நண்பர்களே, நம்ம சூழலியல் தடம் எவ்வளவுன்னு ஒரு ஆன்லைன் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், எல்லாரும் என்ன மாதிரி வாழ்ந்தா ரெண்டரை பூமி வேணும்னு காட்டுது. ஸ்ட்ரா வாங்கறதே இல்ல, துணிப்பை தான், குப்பைய பிரிச்சு போடறோம், சார்ஜர கூட பிளக்ல விடமாட்டேன். இந்த பதிலெல்லாம் மாத்தி மாத்தி போட்டாலும் எண் பெருசா அசையல. வீட்ல எல்லாரையும் சொல்லிச் சொல்லி பழக்கிருக்கேன், அவங்ககிட்ட போய் இதனால ஒண்ணும் இல்லன்னு சொல்ல மனசு வரல. இத எத வச்சு கணக்கு போடறாங்க? எத மாத்தினா நிஜமாவே குறையும்?

மண்வாசனை:
இது 90கள் தொடக்கத்துல கனடாவுல வில்லியம் ரீஸும் அவரோட மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் உருவாக்கின கணக்கு. நாம சாப்பிடறது, உடுத்தறது, எரிக்கறது எல்லாத்துக்கும் எவ்வளவு நிலமும் கடலும் வேணும்ங்கறது தான் கேள்வி. பயிர் நிலம், மேய்ச்சல் நிலம், மரத்துக்கு காடு, மீன்பிடி பரப்பு, வீடு ரோடு கட்டின இடம், அப்புறம் நாம விடற கார்பன உறிஞ்சறதுக்கு வேண்டிய காடு. இதுல கடைசி ஒண்ணு மட்டுமே உலக அளவுல மொத்தத்துல 60 சதவீதம் கிட்ட வரும். அதனால தான் ஸ்ட்ரா எடுத்தாலும் எடுக்காட்டியும் எண் நகரல, அதுல இருக்கற கார்பன் அவ்வளவு கம்மி.

ஆனா பிளாஸ்டிக் கடலுக்கு போறது, மீன் வயித்துல சேர்றது இதெல்லாம் இந்த கணக்குக்குள்ளயே வராது. அது வேற பிரச்சன, அதுக்கு நீங்க செய்யறது சரியான வேலை. தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.

அடுப்பங்கரை:
தம்பி, வீட்ல எது சூடாக்குதோ எது குளிர வைக்குதோ அத முதல்ல பாருங்க. 15 லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 65 டிகிரிக்கு ஹீட்டர்ல ஏத்த கிட்டத்தட்ட 0.7 யூனிட் கரண்ட் வேணும். அதே கரண்ட்ல 10 வாட் எல்ஈடி பல்ப் 70 மணி நேரம் எரியும், போன 30 தடவைக்கு மேல ஃபுல்லா சார்ஜ் பண்ணலாம். சார்ஜர பிடுங்கி வைக்கறத விட ஹீட்டர் டிகிரிய குறைக்கறதும், தேவைப்படும்போது மட்டும் போடறதும் பல மடங்கு பலன். ஏசியும் அப்படித்தான், ஃபேனோட சேர்த்து ரெண்டு மூணு டிகிரி கூட்டி வைங்க.

அடுத்தது சாப்பாடு. 2022ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னு ஐநா சூழல் அமைப்பு சொல்லுது, அதுல பாதிக்கு மேல வீடுகள்ல தான். எனக்கு மனசு பதறுறது இங்க தான், விளைஞ்ச நிலம் இறைச்ச தண்ணி வண்டி எரிச்ச டீசல் எல்லாமே சேர்ந்து குப்பைக்கு போகுது. மாட்டிறைச்சி ஆட்டிறைச்சி அடிக்கடி சாப்பிடற வீடா இருந்தா அத குறைச்சாலே எண் நல்லா இறங்கும். துணிப்பை பத்தி ஒண்ணு, பருத்தி விளைவிக்க ஏகப்பட்ட தண்ணி நிலம் ஆகுது, அதனால இருக்கற பைய கிழியற வரை ஓட்டுங்க, ஒவ்வொரு விசேஷத்துலயும் புதுசு வாங்கி சேர்க்காதீங்க.

தொடர்வண்டி:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா முழு பாரத்தையும் வீட்டு மேல ஏத்தறது எனக்கு ஒப்பல. பூமி ஒரு வருஷத்துல புதுப்பிச்சு தர்றத நாம மொத்தமா தீத்துடற தேதிய பூமி வளமீறல் நாள்னு சொல்வாங்க. 2019ல ஜூலை 29ன்னு அறிவிச்ச அந்த நாள், 2020ல உலகமே முடங்கியும் ஆகஸ்ட் 22க்கு தான் தள்ளிப்போச்சு. விமானம் நின்னு, ஆபீஸ் மூடி, ரோடு காலியா கிடந்தும் அவ்வளவு தான். ஏன்னா கரண்ட் எதுல இருந்து வருது, பஸ் ட்ரெயின் இருக்கா, வேலையிடம் எவ்வளவு தூரம்ங்கறத தனி ஆள் முடிவு பண்றதில்ல. நிறைய கால்குலேட்டர்ல ரோடு, ஆஸ்பத்திரி, அரசு செலவுன்னு ஒரு பங்கு நம்ம தலைல சேர்ந்துதான் வரும், நீங்க என்ன பண்ணாலும் அது குறையாது. உங்க கையில இருக்கறதுல பெருசு விமானமும் கார்ல தனியா போறதும். மிச்சத்துக்கு நல்ல பஸ் கேளுங்க, காத்தாலை சூரிய மின்சாரம் கேளுங்க, சும்மா இருக்காதீங்க.

நீலவானம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், அக்கா சொன்ன ஹீட்டர் கணக்கு கண்ண தொறந்துச்சு. ஒரே ஒரு கேள்வி, பழைய ஃப்ரிட்ஜையும் போனையும் தூக்கிட்டு கரண்ட் கம்மியா இழுக்கறதா வாங்கலாமா?

அடுப்பங்கரை:
போன் வேண்டாம். அதோட கார்பன்ல பெரும்பங்கு தயாரிக்கும்போதே செலவாயிடுது, பேட்டரிய மட்டும் மாத்தி எவ்வளவு நாள் ஓடுதோ ஓட்டுங்க. ஃப்ரிட்ஜ் அப்படியே தலைகீழ், நாள் முழுக்க ஓடற சாமான், ரொம்ப பழசுன்னா மாத்தறது நல்லது. ஆனா பழச இன்னொரு ரூம்ல வச்சு ஓட்டாதீங்க, காயலான் கடைல போட்டு குழாய வெட்டவும் விடாதீங்க. உள்ள குளிர வைக்கறதுக்கு ஆர்-134ஏங்கற கேஸ் இருந்தா அது ஒரு கிலோ வெளிய போனாலே கார்பன் டை ஆக்சைடு 1,300 கிலோவுக்கு மேல விட்ட மாதிரி, அதனால கேஸ முறையா எடுக்கற ஆள்கிட்ட கேட்டு கொடுங்க.