அமெரிக்கக் காரைக் கனடாவுக்குக் கொண்டுவரும்போது மைல் காட்டும் டாஷ்போர்டை என்ன செய்வது?

கேள்வி: டெட்ராய்ட்வாசி

வணக்கம். மிச்சிகனில் சில ஆண்டுகள் வேலை பார்த்த நான், அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்கிறேன். இங்கே புதிதாக வாங்கி ஓட்டிவந்த 2016ஆம் ஆண்டு செடான் காரையும் கூடவே கொண்டுவர விரும்புகிறேன். வேகமானி முள்ளுடன் கூடியது. வெளிவட்டத்தில் மைல் எண்கள் பெரிதாகவும், உள்வட்டத்தில் கிலோமீட்டர் எண்கள் சிறிதாகவும் இருக்கின்றன. நடுவிலுள்ள சிறு திரையில் ஓடோமீட்டர் (கார் இதுவரை ஓடிய மொத்தத் தூரம்) 62,400 மைல் என்று காட்டுகிறது; வெளி வெப்பநிலை ஃபாரன்ஹீட்டிலும், சராசரி எரிபொருள் செலவு கேலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கிலும் வருகின்றன.

இதை அப்படியே கொண்டுவந்தால் கனடாவின் இறக்குமதிச் சோதனையில் ஏற்றுக்கொள்வார்களா? திரையைக் கிலோமீட்டருக்கு மாற்றினால் ஓடோமீட்டரில் கைவைத்த குற்றமாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. என்னோடு வரும் நண்பரிடம் இன்னும் பழைய கார் ஒன்று உண்டு. அதில் கிலோமீட்டர் அளவே கிடையாது. அதற்கு என்ன வழி என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பனங்கூடல்

வணக்கம். முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். உங்களுடையதைப் போன்ற கார்களில் ஓடோமீற்றரின் கணக்கு உள்ளே ஒரே அலகில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அலகை மாற்றும்போது அந்தக் கணக்கு 1.609344 ஆல் பெருக்கப்பட்டுக் காட்டப்படுகிறதே தவிர, ஓடிய தூரம் மாறுவதில்லை. உங்கள் 62,400 மைல், திரையில் 100,423 கிலோமீற்றருக்கு அருகில் தெரியும். மீண்டும் மைலுக்குத் திருப்பினால் பழைய எண்ணே வரும். கனடாவின் எடைகள் மற்றும் அளவுகள் சட்டம் தடுப்பது, ஓடிய தூரத்தைப் பொய்யாகக் காட்டும் வேலையை. உற்பத்தியாளரே வைத்திருக்கும் அலகு மாற்றும் வசதியைப் பயன்படுத்துவது அதில் சேராது.

உண்மையில் கவனம் வேண்டியது காகிதத்தில். ஒன்டாரியோவில் காரைப் பதியும்போதும், எண்ணெய் மாற்றும்போதும், காப்புறுதிக்கு விவரம் கொடுக்கும்போதும் ஓடோமீற்றர் எண்ணைக் கேட்பார்கள். திரை மைலில் இருக்கும்போது 62,400 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், இந்நாட்டில் அதைக் கிலோமீற்றர் என்றே பதிந்துகொள்வார்கள். பிறகு நீங்கள் அலகை மாற்றி, அடுத்த முறை 1,01,000 என்று கொடுத்தால், ஓரிரு வாரத்தில் கார் 38,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியதாக வாகன வரலாற்று அறிக்கையில் பதிவாகும். பதிந்த பிறகு மைலுக்குத் திருப்பினால் நிலைமை இன்னும் மோசம். கணக்கு பின்னோக்கி ஓடியதுபோலத் தெரியும். விற்கப் போகும் நாளில்தான் இந்தச் சிக்கல் தலைதூக்கும், அப்போது அதை விளக்கிப் புரியவைப்பது எளிதன்று. ஆகவே எல்லையைக் கடக்குமுன் திரையை மைலிலும் கிலோமீற்றரிலும் ஒவ்வொரு முறை வைத்து, இரண்டையும் திகதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, 15 ஆண்டுக்குக் குறைந்த அமெரிக்க வாகனம் என்பதால் உங்கள் கார் ஆர்.ஐ.வி. எனப்படும் இறக்குமதி வாகனப் பதிவாளர் திட்டத்தின் கீழ் வரும். உள்ளே வந்தபின் 45 நாள்களுக்குள் சோதனையை முடிக்க வேண்டும். வேகம் கிலோமீற்றரில் தெரிய வேண்டும் என்பதே தேவை. மைல் எண்களும் உடனிருப்பது குறையாகாது. உங்கள் காருக்கு வேறு என்னென்ன மாற்றங்கள் தேவை என்பதை அவர்கள் அனுப்பும் படிவமே சொல்லும். பகலில் எரியும் முன்விளக்கு, குழந்தை இருக்கைக்கான பிணைப்பு ஆகியவைதாம் பலருக்கு வேகமானியைவிட அதிக வேலை வைக்கின்றன.

பதில்: பட்டறை

பனங்கூடல் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நண்பரின் பழைய காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேலை அதில்தான் இருக்கிறது.

முள் வைத்த மீற்றரில் எண்கள் அச்சிட்ட தட்டை மட்டும் மாற்றலாம். சில மாடல்களுக்குக் கிலோமீற்றர் எண்கள் அச்சிட்ட தட்டு தனியாகக் கிடைக்கும். இரவில் எண்களுக்குப் பின்னாலிருந்து ஒளி சீராக வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தட்டை மாற்றுவதென்றால் முள்ளைக் கழற்றியாக வேண்டும், ஆபத்து அங்கேதான். முள் ஒரு சிறு மோட்டாரின் மெல்லிய தண்டில் அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. அதைத் திருகி இழுத்தால் தண்டு முறியலாம், உள்ளே இருக்கும் பல்சக்கரம் சிதையலாம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நெம்பி, நேராக மேலே தூக்க வேண்டும். கழற்றுமுன் முள் ஓய்ந்து நிற்கும் இடத்தை ஒட்டுத்தாளில் குறித்துக்கொள்ளாவிட்டால், திரும்பப் பொருத்தும்போது ஒரு சிறு கோணம் பிசகினாலும் நெடுஞ்சாலை வேகத்தில் அது ஐந்தாறு கிலோமீற்றர் பிழையாகிவிடும். பொருத்தியபின் நேரான, சமதளமான சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு 50, 80, 100 ஆகிய மூன்று இடங்களிலும் ஒப்பிட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பார்ப்பது போதாது.

தட்டு மாற்றினாலும் ஓடோமீற்றர் மைலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இது குறையன்று, பதிவில் மைல் என்று இருந்தால் போதும். ஆனால் வேகச் சைகையை, அதாவது கார் ஓடும் வேகத்தை மீற்றருக்குச் சொல்லும் மின்சைகையை, பெருக்கிக் கொடுக்கும் சிறு மின்சுற்றைப் பொருத்தினால் நிலைமை வேறு. ஜப்பானிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுவரும் கார்களில் இதன் மறுதலையான வேலை வெகுநாளாக நடக்கிறது: சைகையை 1.609 ஆல் வகுத்து, கிலோமீற்றர் எண்களுக்கு எதிரே முள்ளை மைல் கணக்கில் நிற்க வைக்கிறார்கள். அந்த நாள் முதல் ஓடோமீற்றரும் மைலில் எண்ணத் தொடங்கும். முன்பு ஓடியது கிலோமீற்றர், பிறகு ஓடியது மைல், இரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். நண்பரின் காரில் அந்தச் சுற்றைப் போட்டால் இதே கலப்படம் தலைகீழாக நேரும். கட்டாயம் இல்லாவிட்டால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொருத்தியே ஆக வேண்டுமென்றால், பொருத்திய நாளையும் அன்றைய எண்ணையும் பணிச்சீட்டில் எழுதி வாங்கிக் காரின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் அதே சைகை தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கும் போகிறது, ஆகையால் சுற்றை மீற்றருக்குச் செல்லும் கம்பியில் மட்டுமே இணைக்க வேண்டும்.

கனடியக் காரிலிருந்து கழற்றிய முழு மீற்றர்ப் பெட்டியை வாங்கி மாட்டுவதாக யாரேனும் சொன்னால், அது முன்பிருந்த காரின் தூரத்தையே காட்டக்கூடும் என்பதையும், சில மாடல்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டோடு அது பொருந்தாமல் கார் இயங்காமலே போகலாம் என்பதையும் முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

டெட்ராய்ட்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. கிலோமீட்டருக்கு மாற்றிப் படமும் எடுத்துவிட்டேன். 100,423 என்றே காட்டுகிறது. சராசரி எரிபொருள் செலவு முன்பு 28 என்று இருந்தது, இப்போது 8.4 ஆகிவிட்டது. இது சரிதானா? குளிர்காலத்துக்கு முன் வேறெதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இளவேனில்

சரிதான். 235.2 ஐ அமெரிக்கக் கேலனுக்கான மைலால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். 28க்கு அது 8.4. எண் சிறுத்தால் சிக்கனம் கூடுகிறது என்பது சில நாள்களில் பழகிவிடும். செலவைச் சரியாகக் காட்டுவதும் இந்த அளவுதான் என்பது என் கருத்து: 15 மைலிலிருந்து 20க்கு உயர்வது 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 லிட்டரை மிச்சப்படுத்துகிறது, 30லிருந்து 40க்கு உயர்வதோ 2 லிட்டரைத்தான். மைல் கணக்கில் பார்ப்பவருக்கு இரண்டாவதே பெரிய முன்னேற்றமாகத் தோன்றும். திரையில் பிரித்தானியக் கேலன் என்ற தெரிவும் இருக்கக்கூடும். அந்தக் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். தவறிப்போய் அதைத் தேர்ந்தால் உங்கள் 28 என்பது 33.6 ஆகிவிடும், கார் திருந்திவிட்டதாக நம்பிவிட வேண்டாம்.

வெப்பநிலையைக் கட்டாயம் செல்சியஸுக்கு மாற்றுங்கள். சில கார்களில் அது தூரத்தோடு சேர்ந்து மாறாது, தனியாக மாற்ற வேண்டியிருக்கும். பனி உறையும் புள்ளியை 32 என்று நினைவில் வைத்து ஓட்டுவதைவிட, பூச்சியத்தை நெருங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரிவது நல்லது. பல கார்கள் 3 அல்லது 4 டிகிரியிலேயே எச்சரிக்கை ஒலி கொடுக்கும்.

டயர் அழுத்தத்தை மட்டும் பி.எஸ்.ஐ.யிலேயே (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவிலேயே) விட்டுவிடலாம், ஏனெனில் இங்கேயும் காற்றடிக்கும் இடங்களில் பெரும்பாலும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் கிலோபாஸ்கல் என்ற மெட்ரிக் அளவும் பி.எஸ்.ஐ.யும் சேர்ந்தே இருக்கும். 230க்கு 33 என்பது போல. வெப்பநிலை ஏறத்தாழ 6 செல்சியஸ் இறங்கும்போதெல்லாம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பதால், முதல் கடுங்குளிர் காலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலகு மாற்றியதால் வந்த கோளாறு என்று எண்ணாமல் காற்றைச் சரிபாருங்கள்.